நூற்று ஐம்பத்தாறு ஞாயிற்றுக்கிழமைகள்

செப்டம்பர் 2, 2019, திங்கள்

இன்று மாலை ஸ்தோத்திர ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள்: சபைப் போதகர் கிறிஸ்துதாஸ் ஐயர், ஐயரம்மா, என் கணவருடைய அக்கா செல்லக்கனி மைனி, பக்கத்து வீட்டு ராஜபாய் டீச்சர், பெனிட்டா, நான். ஆக ஆறு பேர். நாற்காலி ஏழு போட்டிருந்தேன். ஒன்று காலியாக இருந்தது.

பெனிட்டா ஆறு வருஷமாக எழுதிய ஆய்வேடு முடிந்துவிட்டது. இன்னும் பல்கலைக்கழகத்தில் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன்னால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஐயர் ஜெபித்து முடித்ததும், "எங்களுக்கும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டும்மா" என்றார்கள். எல்லாம் இங்கிலீஷ். அதனால் முதல் பக்கத்து நன்றியுரையை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"என் தாயார் ஞானதீபம் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2016 ஜூன் முதல் 2019 மே வரை, ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாட்கள், ஒரு நாள்கூடத் தவறாமல் எங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதினார். என் தந்தை தனசிங் மறைந்த அன்றும் அளந்தார். இந்த ஆய்வுக்கு அஸ்திவாரம் அந்த மூன்று நோட்டுகள்தான்."

ஐயரம்மா "ஸ்தோத்திரம்" என்றார்கள். டீச்சர் கை தட்டினார்கள். மைனி மட்டும், "ஏட்டி தீபம், பிள்ள ஒன்ன இம்புட்டுப் புகழுதா, மொகத்துல ஒரு அசைவு இல்லயே. கிணத்தயே பாத்துப் பாத்து நீயும் கல்லாயிட்டியா?" என்றார்கள்.

சுண்டல் போதுமானதாக இருந்தது. டீ ஒரு தம்ளர் மிஞ்சியது. நானே குடித்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கொல்லைப்புறம் பெருக்கினேன். முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி. பெனிட்டா நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்.

கடைசித் தேதி 30. இதற்கு முன் இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இனிமேல் தரமாட்டார்கள். 30ஆம் தேதி சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்களாம். ஆறு வருஷமும் போய்விடும்.

செப்டம்பர் 4, புதன்

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். வந்தவர்கள் பதினான்கு. நோட்டில் எழுதியாயிற்று.

செப்டம்பர் 5, வியாழன்

பெனிட்டா காலை முதல் பஸ்ஸில் திருநெல்வேலி போய், பொழுது சாயத் திரும்பி வந்தாள். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் சங்கரவடிவு அம்மாள் கண்டிப்பானவர்கள். முன்னுரையில் ஒரு கமாவைக்கூட விடவில்லையாம்.

நான் தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன். "என்னட்டி சொன்னாவ?"

"ரெண்டு விஷயம்மா. ஒண்ணு, ஒன் நோட்டு மூணையும் பக்கம் பக்கமாப் படம் எடுத்துப் பின்னால சேக்கணும். மூலக் கணக்கு இருந்தாத்தான் மதிப்பாம்."

"ரெண்டாவது?"

"அஞ்சாம் அத்தியாயம். கொளத்துக்குத் தண்ணி விட்டா நம்ம கிணறு எத்தன நாள்ல ஏறுதுங்கற கணக்கு. எட்டுத் தடவ விட்டிருக்காவ. அஞ்சு தடவ ரெண்டு நாள் எடுத்திருக்கு, மூணு தடவ மட்டும் ஒரே நாள்ல ஏறியிருக்கு. அது ஏன்னு கேக்காவ."

"நீ என்ன சொன்ன?"

"மண்ணோட ஈரம், காத்து, பக்கத்துத் தோட்டத்து மோட்டார்னு நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன். 'நாலு பக்கம் எழுதுனா அது காரணம் இல்லம்மா, சமாளிப்பு'ன்னு சொல்லிட்டாவ."

அவள் சிரித்தாள். தோசை ஓரத்தில் கருகிவிட்டது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, சனி

நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தொடங்கிய விதத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

இவள் நாற்பது கிணறுகளை மாதத்துக்கு ஒருமுறை அளந்தாள். ஒரு கிணற்றையாவது தினமும் அளக்க வேண்டும், அதற்கு ஆள் வைக்க வழியில்லை என்றாள். நான் செய்கிறேன் என்றேன். டேப்பின் நுனியில் ஈயக்குண்டு கட்டிக் கொடுத்தாள். கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயிண்ட் கோடு. காலை ஏழு மணிக்குக் குண்டை இறக்கி, நீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கோட்டுக்கு நேரே உள்ள எண்ணை மீட்டரில் படிக்க வேண்டும். எண் குறைந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தசமப் புள்ளி எனக்குத் தெரியாது. அவளுடைய ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து நானே படித்துக்கொண்டேன். சராசரியும் அதில்தான் படித்தேன்.

டேப்பை நான் வலப்பக்கமாகச் சுற்றி ஆணியில் மாட்டுவேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் இடப்பக்கமாகச் சுற்றியிருக்கும். மைனியின் பேரப்பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சொல்லியும் கேட்கவில்லை.

இன்று நான் பக்கம் திருப்ப, அவள் போனில் படம் எடுத்தாள். மூன்றாம் நோட்டின் நடுவில் நிறுத்தினாள்.

17.11.2018, சனி, 8.31 என்று இருந்தது. அன்று அதிகாலை ஐந்து மணிக்கு என் கணவர் போய்விட்டார்கள். ஏழு மணிக்கு அளந்திருக்கிறேன். எழுத்து கோணவில்லை. கூடத்தில் ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது நான் கிணற்றடியில் நின்றதை மைனி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். எனக்கு நினைவு இருப்பது குண்டு நீரில் விழுந்த சத்தம் மட்டும்.

பெனிட்டா அடுத்த வரியில் விரல் வைத்தாள். 18.11.2018, ஞாயிறு, 8.30.

"எம்மா, அடக்கத்தன்னைக்குமா அளந்த? அன்னைக்குக் காலைல நீ என் மடியிலல்லா கெடந்த?"

அடுப்பில் பால் இருந்தது. உள்ளே போனேன்.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று ஓய்வுநாள். எழுதவில்லை. ஓய்வுநாளில் நான் பேனா தொடுவதில்லை. சனிக்கிழமையே சமைத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை சூடு மட்டும் பண்ணுவேன். என் கல்யாணத்துக்கு முன்னிருந்தே அப்படித்தான்.

ஆராதனை எட்டரை மணிக்கு. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசைத் தூண் ஓரத்தில் இப்போது வேறு யாரோ உட்காருகிறார்கள். என் கணவர் அங்கே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தது அபூர்வம். என்னை முன்னால் அனுப்பிவிட்டு, பிரசங்கம் பாதியில் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்ப்பார்கள். ஐயரிடம் சொல்லிக் கேட்கவைத்தேன். "லைன்மேன் வேல பாத்தவன் ஐயரே. எல்லா வீட்டுலயும் வெளிச்சம் வந்த பொறவுதான் எங்களுக்கு வீடு" என்று சிரித்துவிட்டார்கள். ஐயரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. சபைக்குப் போய்வந்த விவரம் எழுதும் நோட்டில், அப்படி வந்த ஞாயிறுகளுக்குத் திங்கட்கிழமை அவர்கள் பெயருக்கு நேரே "தாமதம்" என்று எழுதுவேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

துணி ஊறவைத்தேன். மறந்துவிட்டேன். சாயங்காலம்தான் நினைவு வந்தது.

செப்டம்பர் 11, புதன்

எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அளக்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அளக்கவில்லை. திங்கட்கிழமை அளந்துவிட்டு, சனிக்கிழமை எண்ணையும் திங்கட்கிழமை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஞாயிற்றுக்கு நேரே எழுதினேன். கட்டம் காலியாக இருந்தால் பிள்ளைக்குக் கஷ்டம் என்று நினைத்தேன். கிணறு சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்குப் போகிறது. ஞாயிறு நடுவில்தானே இருக்கும். இதைப் பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டேன் என்ற திருப்திதான் இருந்தது. கட்டளையையும் மீறவில்லை, கட்டத்தையும் காலியாக விடவில்லை.

இன்று எண்ணினேன். நூற்று ஐம்பத்தாறு.

செப்டம்பர் 12, வியாழன்

காலை ஜெபம் முடிந்ததும் சொல்லிவிட்டேன். அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"எல்லா ஞாயித்துக்கெழமயுமா?"

"எல்லாந்தான்."

"ஒரு தடவகூடவா குனிஞ்சு பாக்கல?"

"அன்னைக்கு வேல செய்யக்கூடாது பிள்ளே."

"ஒரு டேப்ப எறக்குறது வேலயாம்மா? ஊறுகாய் பாட்டில எடுத்துச் சாப்பாட்டுல வைக்கலயா நீ?"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் மாதிரிக் கேட்டது. சிரிப்பு இல்லை.

மத்தியானம் வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள். தணிவாகப் பேசினாள்.

"இப்ப நான் சொல்லுததக் கேளு. எனக்கே மூணு வருஷமாத் தெரியல. எந்த எக்ஸாமினருக்கும் தெரியப் போறதில்ல. நீ இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் சொல்லல. செரியா?"

"நீ கையெழுத்துப் போடணும்லா? உறுதிமொழிப் பக்கத்துல?"

"போடத்தான் போறேன்."

"எல்லாம் உண்மைன்னு எழுதியிருக்குமே."

"எம்மா, ஒன் ஓய்வுநாளுக்கு நான் வேலய விடணுமா? நான் தற்காலிகமா இருக்குத காலேஜ்ல அடுத்த மாசம் நிரந்தரப் போஸ்டிங் போடுதாவ. டாக்டர் பட்டம் இல்லாட்டா என்ன வெளிய அனுப்பிருவாவ. அது தெரியும்லா ஒனக்கு?"

தெரியும்.

செப்டம்பர் 13, வெள்ளி

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 14, சனி

நாளைக்குச் சேர்த்துச் சமைத்தேன். புளிக்குழம்பு, வாழைக்காய். பெனிட்டா நாலு பிரதி அச்சடிக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், எழுந்து போகவில்லை. உறுதிமொழிப் பக்கம் மேஜையில் கிடக்கிறது. அதன் மேல் டீ தம்ளர் வைத்த வட்டம். வேறு தாள் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஜெபம் பண்ணினேன். வாய் சொல்லிற்று. மற்றபடி ஒன்றும் இல்லை. அவர்கள் போனதிலிருந்தே அப்படித்தான். சொட்டு நீலம் போட்ட தண்ணீரில் கை விட்ட மாதிரி, எல்லாம் தெரிகிறது, எதுவும் ஒட்டவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. ஸ்விட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. மோட்டார் இருப்பது கிணற்றுக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில். அது என் கணவரின் ராஜ்யம். கரண்டு பயத்தில் நான் அதற்குள் போனதே இல்லை. அவர்கள் போன பிறகு யாரும் திறக்கவும் இல்லை. ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் சுடலைமுத்து வந்தார். அவர்களிடம் வேலை பழகியவர். இப்போது பேரன் எடுத்துவிட்டார். பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தார். உள்ளே பல்லி முட்டையும் சாக்கும். ஸ்டார்ட்டரில் ஒரு வயர் கருகியிருந்தது. மாற்றிவிட்டு வெளியே வந்து பீடியைத் தேடினார். என்னைப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார்.

"யக்கா, அண்ணாச்சி செவுரு நெறைய என்னமோ கணக்கு எழுதிப் போட்டிருக்காவளே. வெள்ளையடிக்கும்போது பாத்து அடிங்க."

"என்ன கணக்கு?"

"யாருக்குத் தெரியும்? எட்டு எட்டாப் போட்டிருக்கு. சீட்டு கீட்டு போட்டாவளா?"

அவர்கள் சீட்டுப் போட்டதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

சுண்ணாம்புச் சுவரில் பென்சில் எழுத்து. மேலிருந்து கீழே ஆறு வரிசை. முதலில் 5.6.16, அதற்கு எதிரே ஓர் எண். அடுத்தது 12.6.16. அடுத்தது 19. அவர்கள் ஏழு போட்டால் நடுவில் ஒரு கோடு கிழிப்பார்கள். எல்லா ஏழிலும் கோடு இருந்தது.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

சுடலைமுத்துவுக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன். சோறு வடித்தேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. பெனிட்டா சாப்பிட்டு எழுந்தாள். அதன் பிறகுதான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அவள் டார்ச் அடிக்க, நான் வாசித்தேன். பிறகு நான் டார்ச் அடிக்க, அவள் எழுதினாள். இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்த்தோம்.

ஆரம்பத்தில் ஒருநாள், சாப்பிடும்போது அவர்கள் கேட்டது நினைவு வந்தது.

"ஏளா, கிணத்துக்கும் ஞாயித்துக்கெழம லீவா?"

"இந்த வீட்டுல அன்னைக்கு யாரும் வேல செய்யக்கூடாது. நீங்களும்தான்" என்றேன்.

"செரி தாயே. கிணறும் சபைக்கு வருமான்னு கேட்டேன்" என்று சோற்றைப் பிசைந்தார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

நான் எட்டு மணிக்குச் சபைக்குப் புறப்பட்டுத் தெரு திரும்பினதும் அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்னதாக 8.05, 8.10 என்று மணி இருக்கிறது. டேப்பை இடப்பக்கமாகச் சுற்றியது யார் என்றும் தெரிந்துவிட்டது. கம்பத்தில் வயர் சுற்றின கை. மைனியின் பேரப்பிள்ளைகளை இரண்டரை வருஷம் வைதிருக்கிறேன்.

நான் கட்டத்தைக் காலியாக விடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று இருந்திருப்பார்கள். சராசரி போடுவேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நோட்டை நான் பெனிட்டாவைத் தவிர யாருக்கும் காட்டுவதில்லை.

சபை நோட்டை எடுத்தேன். சுவரில் தேதி இருக்கும் ஞாயிறுகளில், நூற்றுப் பத்தொன்பதுக்கு "தாமதம்" என்று எழுதியிருக்கிறேன். அளக்க ஐந்து நிமிஷம் போதும். மீதி நேரம் டீக்கடைதான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

மைனி வந்தார்கள். சுவரைக் காட்டினேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். "எந் தம்பி ஒளிச்சு வச்சது இது ஒண்ணுதான் ஏட்டி" என்றார்கள். என்னைப் பிடித்து உலுக்கி, "அழுட்டி, அழுது தொலையேன்" என்றார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அரைக் கரண்டிதான், அவர்களுக்குச் சுகர்.

செப்டம்பர் 19, வியாழன்

பெனிட்டா புதுக் கணக்கைப் போட்டு முடித்தாள். மேஜையில் இரண்டு கோட்டுப்படங்களை விரித்துவைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"எம்மா, இங்க பாரு. 2017 நவம்பர். சனிக்கெழம 8.90. திங்கக்கெழம 8.58. நீ ஞாயித்துக்கு 8.74ன்னு நடுவுல போட்டுட்ட. அப்பா என்ன எழுதியிருக்காவ?"

"8.61."

"அப்பிடின்னா தண்ணி ஏறுனது ஞாயித்துக்கெழமயே. ஒரே நாள்ல. திங்கக்கெழம மிச்சம் மூணு சென்டிமீட்டர்தான்."

எனக்குப் புரிந்தது. பாசனக் கமிட்டி வெள்ளிக்கிழமை கூடும், சனிக்கிழமை மடை திறக்கும். அதனால் எட்டில் ஐந்து முறை தண்ணீர் வந்தது சனிக்கிழமை. அந்த ஐந்துக்குத்தான் இரண்டு நாள் ஆனதாக இவள் எழுதியிருந்தாள். என் நடுக்கணக்கு ஒரு நாளை இரண்டாக்கிவிட்டது.

"அந்த மூணு தடவ?"

"அது மட்டுந்தான் செரி. அது புதன், வியாழன்ல வந்தது. செரியா இருந்ததுக்குக் காரணம் தேடி நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன். தப்பா இருந்தத அப்பிடியே விட்டுட்டேன்." பிறகு சொன்னாள்: "போன வருஷம் ஒரு கட்டுரை வந்துச்சே, அதுலயும் ரெண்டு நாள்னுதான் போட்டிருக்கேன்."

"அதத் திருத்த முடியுமா?"

"தப்புன்னு எழுதிக் கேக்கணும். என் பேரப் போட்டே திருத்தத்த அச்சடிப்பாவ."

அவள் விரல் அந்த 8.61 மேலேயே இருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

இரண்டு பேரும் மறுபடி மோட்டார் அறைக்குப் போய் எண்ணினோம். 5.6.16 முதல் 11.11.18 வரை நூற்று இருபத்தெட்டு ஞாயிறு வர வேண்டும். எண் இருப்பது நூற்று இருபத்தைந்துக்கு. மூன்று ஞாயிறு அவர்கள் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். அந்த மூன்றுக்கும் தேதி போட்டுக் குறுக்கே ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அளக்காத நாளுக்கு எண் போடவில்லை.

கடைசி வரிசையில் 11.11.18, 8.35. அதற்குக் கீழே 18.11.18. அதற்கும் கீழே 25.11.18. இரண்டும் தேதி மட்டும். முன்கூட்டியே எழுதிவைப்பார்கள் போலிருக்கிறது. எதிரே ஒன்றும் இல்லை, சுண்ணாம்புதான்.

18 அடக்கம். அதற்கு நான் 8.30 என்று எழுதினேன்.

அவள் டார்ச்சை அணைத்துவிட்டாள். மோட்டார் எண்ணெய் வாடை இன்னும் அப்படியே இருக்கிறது.

"எம்மா, என்ன செய்ய?"

"நீதான் படிச்சவ."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். பழசுல."

செப்டம்பர் 21, சனி

ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்த ஐந்து நாள் ஆகும் என்கிறாள். சனிக்கிழமை மடை திறந்த ஐந்தில் நாலுக்கு அவள் அப்பாவின் அளவு இருக்கிறது. ஐந்தாவது 2018 டிசம்பர் 8. அவர்கள் போன பிறகு. அதற்கு ஒன்றும் இல்லை. மொத்தம் முப்பத்தொரு ஞாயிறு காலி. காலியாக விடலாமா, அந்த நாட்களையே எடுத்துவிட வேண்டுமா, சுவரில் எழுதினதை மூலக் கணக்காக ஒத்துக்கொள்வார்களா, இதெல்லாம் சங்கரவடிவு அம்மாள்தான் சொல்ல வேண்டும்.

"நீ போன்ல கேளேன்" என்றேன்.

"நான் கேட்டா சாக்குச் சொல்லுத மாதிரி இருக்கும். எழுதுனது நீ. நீயே எழுதும்மா. படம் எடுத்து நான் அனுப்புதேன்."

"அவுக பெரிய படிப்பு படிச்சவுக. எனக்கு அப்பிடி எழுத வருமா?"

"மூணு வருஷம் எழுதுனல்லா? அதே மாதிரி எழுது. இந்தத் தடவ நடந்தத மட்டும்."

நல்லாத்தான் குத்தினாள். எனக்குக் கோபம் வரவில்லை.

இன்று நாளைக்குச் சேர்த்துச் சமைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலை 8.05க்குக் கிணற்றடிக்குப் போனேன். டேப்பை இறக்கினேன். அளவு 9.31. மோட்டார் அறைச் சுவரில், 25.11.18க்குக் கீழே இடம் விட்டு, இன்றைய தேதியும் எண்ணும் எழுதினேன். நடுவில் உள்ளவற்றுக்கு ஒன்றும் எழுதவில்லை. டேப்பைச் சுற்றும்போது கை தானாக வலப்பக்கம் போயிற்று. அவிழ்த்து, இடப்பக்கமாகச் சுற்றி மாட்டினேன்.

சபைக்குப் போகும்போது முதல் பாட்டு முடிந்திருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐயரம்மா திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து எழுதிய கடிதத்தின் நகல்:

கனம் பேராசிரியர் சங்கரவடிவு அம்மா அவர்களுக்கு, ஆய்வு மாணவி பெனிட்டாவின் தாயார் ஞானதீபம் எழுதிக்கொள்வது.

என் மகள் உங்களிடம் தரவிருக்கும் மூன்று நோட்டுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதிய நூற்று ஐம்பத்தாறு எண்களும் அளந்தவை அல்ல. ஓய்வுநாள் என்று நான் அளக்கவில்லை. முந்தின நாள் எண்ணையும் மறுநாள் எண்ணையும் கூட்டிப் பாதியாக்கி எழுதினேன். இது இந்த மாதம் 12ஆம் தேதி வரை என் மகளுக்குத் தெரியாது. தவறு என்னுடையது.

அதே ஞாயிறுகளில் நூற்று இருபத்தைந்தை என் கணவர் தனசிங் எனக்குத் தெரியாமல் அளந்து, மோட்டார் அறைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அது 16ஆம் தேதிதான் எங்களுக்குத் தெரிந்தது. சுவரின் படங்கள் இத்துடன் வருகின்றன. சுவரையும் நீங்கள் வந்து பார்க்கலாம். வெள்ளையடிக்க மாட்டோம். அவர்கள் எண்களின்படி குளத்துத் தண்ணீருக்குக் கிணறு ஒரே நாளில் ஏறுகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான் என்று என் மகள் சொல்கிறாள். வெளிவந்த கட்டுரையையும் திருத்தி எழுதுவாள்.

மீதி முப்பத்தொரு ஞாயிறுக்கு யாரிடமும் அளவு இல்லை. அவற்றைக் காலியாக விடலாமா என்று சொல்லுங்கள். நன்றியுரையில் ஒரு நாள்கூடத் தவறாமல் என்று என்னைப் பற்றி எழுதியிருப்பதை எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்தவர் என்று என் கணவர் பெயரைச் சேர்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

உறுதிமொழிப் பக்கத்தில் பெனிட்டா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இன்று 22. கடைசித் தேதி 30. திருத்த ஐந்து நாள் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.